எக்மோவில் ஹைப்பர்லிபிடீமியா: "இறப்பு குறைவு" என்று வரும் முடிவை நம்பலாமா?

ஐசியு_பிஜி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் துறை ஜர்னல் கிளப்பில் அடுத்த தலைப்பு இது: எக்மோ (ரத்தத்தை வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றி உடலுக்குத் திருப்பி அனுப்பும் கருவி) போட்ட நோயாளிகளில் அதிக கொலஸ்ட்ரால் உள்ளவர்கள் எப்படித் தேறுகிறார்கள்? டிஸ்சார்ஜ் பதிவுகளை மொத்தமாக அள்ளிச் செய்யும் ஆய்வுகளில் ஒரு விசித்திரம் அடிக்கடி கண்ணில் படுகிறது. மாரடைப்பானாலும் சரி, இதயச் செயலிழப்பானாலும் சரி, ஹைப்பர்லிபிடீமியா (ரத்தத்தில் அதிகக் கொழுப்பு) குறியீடு உள்ளவர்களின் மருத்துவமனை இறப்பு, குறியீடு இல்லாதவர்களைவிடக் குறைவாக வருகிறது. எக்மோ நோயாளிகளிடமும் அப்படி வந்தால் அதை எப்படிப் படிப்பது? கொலஸ்ட்ரால் நிஜமாகவே காப்பாற்றுகிறதா, கணக்கில் ஏதோ இடிக்கிறதா?

இதோடு ஒட்டி இன்னும் இரண்டு சந்தேகம். ஏற்கெனவே ஸ்டாட்டின் (கொலஸ்ட்ரால் குறைக்கும் மருந்து) எடுத்துக்கொண்டிருந்தவருக்கு எக்மோவில் அதைத் தொடர்வதா, நிறுத்துவதா? புரொபோஃபால் (கொழுப்புக் குழம்பில் வரும் மயக்க மருந்து) ஓடும் நோயாளிக்கு ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள இன்னொரு வகைக் கொழுப்பு) 600 மி.கி./டெ.லி. என்று வந்தால், ரத்தத்துக்கு ஆக்சிஜன் ஏற்றும் ஆக்சிஜனேட்டருக்கு ஆபத்து உண்டா?

தரவு_தணிக்கை எழுதியது:

முதல் கேள்விக்கு மட்டும் நான் சொல்கிறேன். மற்றதற்கு இங்கே தகுந்தவர்கள் இருக்கிறார்கள்.

அந்தத் தரவில் "ஹைப்பர்லிபிடீமியா" என்பது ரத்தத்தில் அளந்த அளவு அல்ல. டிஸ்சார்ஜ் சம்மரியில் பழைய நோய்கள் என்ற இடத்தில் "டிஸ்லிபிடீமியா, அடோர்வாஸ்டாட்டின் எடுத்துவருகிறார்" என்று ஒரு வரி இருந்தால், குறியீடு போடுபவர் ஐசிடி-10இன் இ78 வரிசையில் ஒன்றைப் போட்டுவிடுவார். பெரும்பாலும் இ78.5, அதாவது எந்த வகை என்று குறிப்பிடாதது. அமெரிக்காவின் நேஷனல் இன்பேஷன்ட் சாம்பிள் போன்ற தொகுப்பில் எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) அளவும் கிடையாது, மருந்துப் பட்டியலும் கிடையாது. ஆக, குறியீடு உள்ளவர் என்றால் யார்? முன்பே மருத்துவரைப் பார்த்தவர், ரத்தம் கொடுத்துப் பார்த்தவர், அநேகமாக ஸ்டாட்டின் எடுப்பவர், அவருடைய பழைய விவரத்தைச் சொல்ல வீட்டார் பக்கத்தில் இருந்தவர். குறியீடு இல்லாதவர்களில் கொலஸ்ட்ரால் சரியாக உள்ளவர்களும் உண்டு, ஒருநாளும் பரிசோதிக்காதவர்களும் உண்டு, பேர் விவரம் தெரிவதற்குள் இறந்துபோனவர்களும் உண்டு. இந்த இரண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டுவிட்டு வித்தியாசத்துக்குக் காரணம் கொழுப்புதான் என்றால் எப்படிச் சரியாகும்?

குறியீட்டிலேயே இன்னொரு கோளாறும் உண்டு. இரண்டாம் நாளே இறந்தவரின் சம்மரியைத் திறந்து பாருங்கள். கார்டியோஜெனிக் ஷாக் (இதயம் துவண்டு ரத்த ஓட்டம் சரிவது), சிறுநீரகச் செயலிழப்பு, டிஐசி (ரத்தம் உறையும் முறை குலைவது), மூளைச் சேதம் என்று அவசரப் பிரச்சினைகளே பக்கத்தை அடைத்திருக்கும். கொலஸ்ட்ராலை எழுத யாருக்கும் தோன்றாது. முப்பது நாள் இருந்து தேறிப் போனவரின் சம்மரியிலோ எல்லாமே இருக்கும். அதனால் உயிரை உடனே அச்சுறுத்தாத நாள்பட்ட நோய் எதுவானாலும் "பாதுகாப்பு தருவது" போலத் தெரியும். சிக்கல் இல்லாத ரத்த அழுத்தம், உடல் பருமன் ஆகியவையும் இந்த வகைத் தரவில் இப்படித்தான் நடந்துகொள்கின்றன.

இதைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. எக்மோ முடிவோடு எந்தச் சம்பந்தமும் இருக்க வாய்ப்பில்லாத ஒரு பழைய நோயை எடுங்கள், உதாரணமாக நெஞ்செரிச்சல் தரும் அமில எதுக்களிப்பு. அதே மாடலில் ஹைப்பர்லிபிடீமியாவுக்குப் பதில் அதை வைத்து ஓட்டுங்கள். அதுவும் இறப்பைக் குறைப்பதாக வந்தால், நீங்கள் பார்ப்பது குறியீட்டுப் பழக்கத்தைத்தான். கட்டுரை எழுதியவர்கள் இந்தச் சோதனையைச் செய்திருக்கிறார்களா என்பதுதான் ஜர்னல் கிளப்பில் முதலில் கேட்க வேண்டியது. பி மதிப்பு எத்தனை சிறியது என்பது இங்கே எதையும் நிரூபிக்காது. மாதிரி பெரிதாக இருந்தால் பிழையும் உறுதியான எண்ணாகத்தான் வெளிவரும்.

அடுத்து, எக்மோவுக்கு யாரைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது. வயது, சர்க்கரை, ரத்தக்குழாய் நோய், கொலஸ்ட்ரால் எல்லாம் சேர்ந்த ஒருவருக்கு எக்மோ போட வேண்டுமானால், வேறு ஏதோ ஒன்று அவருக்குச் சாதகமாக இருந்திருக்க வேண்டும்: ஸ்டென்ட் வைத்தால் திறக்கக்கூடிய அடைப்பு, கண்ணெதிரே நின்ற இதயத்துடிப்பு, உடனே தொடங்கிய சிபிஆர். அப்படி ஒன்றும் இல்லாதவருக்கு, எக்மோவை ரத்தக்குழாயோடு இணைக்கும் கேனுலாவே போட்டிருக்க மாட்டார்கள். போட்டவர்களுக்குள் மட்டும் ஒப்பிடும்போது கொலஸ்ட்ரால் நல்ல பிள்ளையாகத் தெரிவது இதனாலும்தான்.

விஏ (சிரையில் எடுத்துத் தமனியில் செலுத்தி இதயத்தையும் தாங்கும் எக்மோ), விவி (சிரையில் எடுத்துச் சிரையிலேயே செலுத்தி நுரையீரலை மட்டும் தாங்கும் எக்மோ) இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கணக்கிட்டிருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். அமெரிக்க செயல்முறைக் குறியீட்டில் 2018 அக்டோபர் வரை எக்மோவுக்கு ஒரே குறியீடுதான். அதன்பிறகுதான் மைய விஏ, புற விஏ, விவி என்று பிரிந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளைச் சேர்த்த ஆய்வில், மாரடைப்பால் ஷாக் ஆனவரும் வைரஸ் நிமோனியாவால் ஏஆர்டிஎஸ் (கடும் நுரையீரல் செயலிழப்பு) ஆனவரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். இன்னொரு ஓட்டை, எக்மோ நோயாளிகள் மருத்துவமனை விட்டு மருத்துவமனை மாற்றப்படுவது சகஜம். இந்தத் தொகுப்பு எண்ணுவது அனுமதிகளை, ஆட்களை அல்ல. வேறிடத்துக்கு அனுப்பப்பட்டவர் முதல் மருத்துவமனைக் கணக்கில் "உயிருடன் வெளியேறியவர்".

எக்மோ நோயாளிகள் பிழைக்கும் வாய்ப்பைக் கணிக்கும் சேவ் ஸ்கோரிலும் சரி, ரெஸ்ப் ஸ்கோரிலும் சரி, கொலஸ்ட்ராலுக்கு இடமே கிடையாது. எக்மோ போடலாமா என்று முடிவெடுக்கும் நேரத்தில் இந்த ஆய்வு முடிவைக் கொண்டுவந்து எடைபோடக் கூடாது.

பெர்ஃப்யூஷன்_டெஸ்க் எழுதியது:

ட்ரைகிளிசரைடு கேள்விக்கு வருகிறேன். கொலஸ்ட்ரால் வேறு, ட்ரைகிளிசரைடு வேறு என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்க. எல்டிஎல் 190 இருந்தாலும் ப்ளாஸ்மா தெளிவாகத்தான் இருக்கும், சர்க்யூட்டுக்கு (எக்மோவின் குழாய்த் தொடருக்கு) ஒன்றும் ஆகாது. பால் மாதிரி வெளுப்பது ட்ரைகிளிசரைடு ஏறும்போதுதான். எக்மோவில் தொல்லை கொடுப்பது அதுதான்.

600க்கு ஆக்சிஜனேட்டர் உடனே அடைத்துவிடாது. இப்போது எல்லோரும் போடுவது பாலிமெத்தில்பென்டீன் இழை. பழைய நுண்துளை பாலிப்ரோப்பிலீன் இழைகளில் பாஸ்போலிப்பிட் படிந்து, ப்ளாஸ்மா வாயுப் பக்கம் கசியும். அந்தத் தொல்லை இதில் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் கொழுப்புக் குழம்பு சர்க்யூட்டுக்குள் நேரடியாகப் போனால் கதை வேறு. ரத்தம் மெதுவாக ஓடும் இடங்களில், அதாவது கனெக்டர் விளிம்பு, ஸ்டாப்காக், மூடிவைத்த பிரிட்ஜ் ஆகிய இடங்களில், வெள்ளை ஏடு தனியாகப் பிரிந்து நிற்கும், அதைச் சுற்றி க்ளாட் (ரத்த உறைவு) பிடிக்கும். பாலிகார்பனேட் ஸ்டாப்காக்கில் கொழுப்புக் குழம்பு தொடர்ந்து பட்டால் விரிசலும் விடும். அந்த விரிசல் பம்புக்கு முந்தின பக்கத்தில் விழுந்தால் ரத்தம் வெளியே வராது. அங்கே அழுத்தம் நெகட்டிவ் என்பதால் காற்று உள்ளே போகும். பம்ப் தலையில் காற்று அடைத்தால் ஃப்ளோ நின்றது என்று அர்த்தம். அதனால் டிபிஎன் (சிரை வழி ஊட்டம்) கொழுப்பு, புரொபோஃபால் எதுவானாலும் நோயாளியின் சொந்த சென்ட்ரல் லைன் வழியாகத்தான், சர்க்யூட் போர்ட்டில் வேண்டவே வேண்டாம். மரத்துப்போக வைக்கும் ஊசியோ மாத்திரையோ அளவு மீறிப்போனதற்கு 20% லிப்பிட் மொத்தமாகக் கொடுத்துவிட்டு எக்மோவுக்கு வருபவர் என்றால், பிரைம் செய்த (திரவம் நிரப்பிய) இரண்டாவது சர்க்யூட்டைத் தயாராக வைத்துக்கொள்வது நல்லது.

கவனிக்க வேண்டியது டெல்டா பி. ஆக்சிஜனேட்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தை, ஒரே ஃப்ளோவில், ஒரே ஆர்பிஎம்மில் ஒவ்வொரு ஷிஃப்டிலும் எழுதுங்க. ஃப்ளோ மாறும்போது டெல்டா பி மாறுவது இயல்பு, அதைப் பார்த்துப் பயப்படாதீங்க. ஃப்ளோ அப்படியே இருக்க டெல்டா பி படிப்படியாக ஏறி, கூடவே ஸ்வீப் வாயு (ஆக்சிஜனேட்டருக்குள் ஓடும் வாயு) 100% ஆக்சிஜனில் ஓடும்போது ஆக்சிஜனேட்டருக்குப் பின் பிஓ2 (ரத்தத்தின் ஆக்சிஜன் அழுத்தம்) 200க்குக் கீழே இறங்கினால், மாற்றுவதற்கு ஆள் கூட்டுங்க. டார்ச் அடித்துப் பார்க்கும்போது கறுப்பாகத் தெரிந்தால் க்ளாட். வெள்ளையாகத் தெரிவது ஃபைப்ரினா கொழுப்பா என்று கண்ணால் பிரிப்பது கஷ்டம்.

இதைவிட ஆபத்து லேபில் இருந்து வரும் தப்பான எண்கள்தான். அங்கேதான் நோயாளிக்கு நிஜமாகக் கெடுதல் நடக்கிறது. ஹெப்பாரினை (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) ஆன்டி-டென்ஏ (anti-Xa, ஹெப்பாரின் எவ்வளவு என்று காட்டும் டெஸ்ட்) வைத்துத் திருத்துகிறீர்கள் என்றால், அது நிறம் பார்க்கும் டெஸ்ட். ஹெப்பாரின் அதிகம் இருந்தால் நிறம் குறையும். ப்ளாஸ்மா பால் மாதிரியோ, பிலிருபினால் மஞ்சளாகவோ, ஹீமோலிசிஸால் (சிவப்பணு உடைவதால்) சிவப்பாகவோ இருந்தால் மெஷின் தடுமாறி, ஹெப்பாரின் இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும். 0.15 என்று பார்த்ததும் ப்ரோட்டோகால்படி இன்ஃப்யூஷனை ஏற்றுவார்கள். அடுத்த சாம்பிளும் குறைவு, மறுபடி ஏற்றுவார்கள். அதற்குள் கேனுலா இடத்திலோ மூளையிலோ ரத்தக்கசிவு. ஆன்டி-டென்ஏ குறைவாகவும் ஏபிடிடி (ரத்தம் உறைய எடுக்கும் நேரம்) நீண்டும் வந்தால் இன்ஃப்யூஷன் ரேட்டில் கை வைப்பதற்கு முன் ட்யூபைத் தூக்கிப் பாருங்க.

ஐசியு_பிஜி எழுதியது:

மிக்க நன்றி சார். இது எனக்குத் தோன்றவே இல்லை. ஏபிடிடியும் லிப்பீமியாவில் (கொழுப்பால் ப்ளாஸ்மா கலங்கும்போது) தப்பாகத்தானே வரும்? அப்போது எதை நம்புவது? ப்ளாஸ்மா ஃப்ரீ ஹீமோகுளோபினும் (உடைந்த சிவப்பணுவிலிருந்து வெளியேறியது) ஒளியை வைத்துத்தான் அளக்கிறார்கள், அதற்கும் இதே சிக்கல் இருக்குமே?

பெர்ஃப்யூஷன்_டெஸ்க் எழுதியது:

உங்கள் லேபில் க்ளாட்டை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று கேளுங்க. ஒளியை வைத்துப் பார்க்கும் மெஷின் என்றால் கலங்கிய ப்ளாஸ்மாவில் தடுமாறும், சில சமயம் ரிசல்ட்டே தராமல் எச்சரிக்கை மட்டும் காட்டும். சின்ன எஃகு மணி ஆடுவது நிற்பதை வைத்துப் பார்க்கும் மெஷினுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. அதுவும் இல்லையென்றால் டெக் அல்லது ரோட்டெம் (முழு ரத்தம் உறைவதைப் பார்க்கும் டெஸ்ட்கள்), கூடவே ஏசிடி (படுக்கையருகே பார்க்கும் உறையும் நேரம்). இல்லாவிட்டால் சாம்பிளை அதிவேகத்தில் சுற்றி, மேலே நிற்கும் கொழுப்பை ஒதுக்கிவிட்டு அடியில் உள்ளதில் பார்க்கச் சொல்லுங்க. எந்த அளவு ட்ரைகிளிசரைடு வரை டெஸ்ட் செல்லும் என்பது கிட்டுக்குக் கிட்டு மாறும். லேபில் கேட்டு வாங்கி, எக்மோ சார்ட்டிலேயே ஒட்டிவைங்க.

ஃப்ரீ ஹீமோகுளோபின் விஷயத்தில் நீங்க சொன்னது சரிதான், பொய்யாக ஏறிக் காட்டலாம். 50 மி.கி./டெ.லி.க்கு மேல் என்று பார்த்ததும் பம்ப் தலையை மாற்றக் கிளம்பிவிட வேண்டாம். சுற்றிவைத்த ட்யூபில் ப்ளாஸ்மா இளஞ்சிவப்பா, பாலா? சிவப்பு என்றால் வீனஸ் அழுத்தம் மைனஸ் 100ஐத் தாண்டி இழுக்கிறதா, ஆர்பிஎம் தேவைக்கு மேல் இருக்கிறதா, பம்ப் சத்தம் மாறியிருக்கிறதா, சிறுநீர் நிறம் என்ன என்று பாருங்க. வெறும் பால் என்றால் கொழுப்பு எங்கிருந்து வருகிறதோ அதை நிறுத்துங்க.

ஹீமோகுளோபினும் பொய்யாக ஏறும். எம்சிஎச்சி (சிவப்பணுவில் ஹீமோகுளோபின் செறிவு) 36க்கு மேல் போனால் சந்தேகப்படணும். ஹீமாட்டோக்ரிட்டை மூன்றால் வகுத்தால் வரும் எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடுங்க, இல்லையென்றால் ரத்தம் ஏற்ற வேண்டியவருக்கு ஏற்றாமல் விட்டுவிடுவோம். லேப் சோடியம் 126 என்றும் பிளட் கேஸ் சோடியம் 138 என்றும் வந்தால் பிளட் கேஸ்தான் சரி. லேப் மெஷின் சாம்பிளை நீர்த்து அளப்பதால் கொழுப்பு பிடித்த இடத்தையும் தண்ணீராகக் கணக்கிட்டுவிடுகிறது. அதற்கு ஹைப்பர்டானிக் சலைன் கொடுத்துவிடாதீங்க.

மருந்தியல்_வார்டு எழுதியது:

புரொபோஃபாலில் போகும் கொழுப்பைத் தினமும் கூட்டிப் பார்ப்பது அவசியம், பலர் கூட்டுவதில்லை. 1% புரொபோஃபால் என்பது 10% கொழுப்புக் குழம்பு. ஒரு மில்லியில் 0.1 கிராம் கொழுப்பு, 1.1 கிலோகலோரி. 70 கிலோ நோயாளிக்கு மணிக்கு 3 மி.கி./கி.கி. என்றால் மணிக்கு 21 மில்லி, நாளுக்கு 504 மில்லி: 50 கிராம் கொழுப்பு, சுமார் 550 கிலோகலோரி. இதோடு டிபிஎன்னில் 20% லிப்பிட் 250 மில்லி சேர்ந்தால் இன்னொரு 50 கிராம். மொத்தம் நாளுக்கு 1.4 கி./கி.கி.யைத் தொட்டுவிடும். சிரை வழி கொழுப்புக்கு ஐரோப்பிய வழிகாட்டி சொல்லும் உச்சவரம்பு 1.5. அந்த வரம்பில் புரொபோஃபாலும் அடக்கம்.

எக்மோவில் புரொபோஃபால் தேவை ஏறுவதற்கும் காரணம் உண்டு. கொழுப்பில் கரையும் மருந்தை ட்யூபும் ஆக்சிஜனேட்டரும் உறிஞ்சிக்கொள்ளும். ஃபென்டனில், மிடாசோலமும் அப்படியே. புது சர்க்யூட் மாட்டியதும் மயக்கம் குறைந்ததுபோலத் தெரிந்து டோஸை ஏற்றுவார்கள், கொழுப்பும் கூடவே ஏறும்.

ட்ரைகிளிசரைடைத் தொடக்கத்தில் ஒருமுறை, பிறகு 2 அல்லது 3 நாளுக்கு ஒருமுறை பார்க்கலாம். சாம்பிள் எடுப்பது கொழுப்பு ஓடாத லைனிலிருந்து. 400ஐத் தாண்டினால் டிபிஎன் கொழுப்பை நிறுத்தி, புரொபோஃபாலைக் குறைக்க வழி தேடுங்கள். நீங்கள் சொன்ன 600க்கு நான் புரொபோஃபாலை மாற்றிவிடுவேன். 2% இருந்தால் அதே டோஸுக்குக் கொழுப்பு பாதியாகும், அதுவும் ஒரு வழி. 1000க்கு மேல் கணைய அழற்சி பயம். அப்போது லைப்பேஸ் பார்த்து, இன்சுலின் இன்ஃப்யூஷன், தேவைப்பட்டால் ப்ளாஸ்மா எக்ஸ்சேஞ்ச் வரை போகலாம்.

ட்ரைகிளிசரைடு ஏற்றத்தோடு சிகேயும் (தசைச் சிதைவைக் காட்டும் நொதி) ஏறி, அசிடோசிஸும் (ரத்தத்தில் அமிலம் கூடுவது) ஈசிஜி மாற்றமும் சேர்ந்தால் புரொபோஃபால் இன்ஃப்யூஷன் சிண்ட்ரோமை நினையுங்கள். மணிக்கு 4 மி.கி./கி.கி.க்கு மேல் 48 மணி நேரம் தாண்டினால் அபாயம் கூடும். விஏ எக்மோவில் இது மறைந்து நிற்கும். இதயம் துவண்டாலும் பம்ப் அழுத்தத்தைப் பிடித்துவைத்திருப்பதால், ரத்த அழுத்தத்தைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வராது.

ஸ்டாட்டினுக்கு வருவோம். ஏஆர்டிஎஸ்ஸில் புதிதாகத் தொடங்கினால் உயிர் காக்குமா என்று ஹார்ப்-2 ஆய்வு சிம்வாஸ்டாட்டினையும் செய்ல்ஸ் ஆய்வு ரோசுவாஸ்டாட்டினையும் சோதித்து 2014இல் வெளிவந்தன. இரண்டிலும் இறப்பு குறையவில்லை. அதனால் விவி எக்மோ நோயாளிக்கு எக்மோவுக்காகவே ஸ்டாட்டின் தொடங்க ஆதாரமில்லை. ஏற்கெனவே எடுப்பவர், மாரடைப்பால் விஏவில் இருப்பவர் விஷயம் வேறு. குடல் உணவை ஏற்கிறது, கல்லீரல் ஓரளவு தேறிவிட்டது என்றால் அடோர்வாஸ்டாட்டினைப் பொடித்து ரைல்ஸ் ட்யூபில் (மூக்கு வழி இரைப்பைக் குழாய்) தொடரலாம். சிறுநீரகத்துக்காக டோஸ் குறைக்க வேண்டியதில்லை. ரோசுவாஸ்டாட்டினுக்கு அப்படி இல்லை, கிரியேட்டினின் கிளியரன்ஸ் 30க்குக் கீழே என்றால் 10 மி.கி.யைத் தாண்டக் கூடாது. ஷாக்கில் ஏஎல்டி (கல்லீரல் நொதி) ஆயிரக்கணக்கில் ஏறி நிற்கும் நாட்களில் நிறுத்திவைத்து, அது இறங்கத் தொடங்கியபின் யோசியுங்கள். சிகே இயல்பு உச்சத்தைவிடப் பத்து மடங்கைத் தாண்டினாலும் நிறுத்த வேண்டும்.

கூடப் போகும் மருந்துகளையும் பாருங்கள். அமியோடரோன் (இதயத்துடிப்பைச் சீராக்கும் மருந்து) ஓடினால் சிம்வாஸ்டாட்டின் 20 மி.கி.க்கு மேல் கூடாது. பூஞ்சைத் தொற்றுக்கு வோரிகோனசோல், போசகோனசோல் போட்டால் சிம்வாஸ்டாட்டினை நிறுத்தியே ஆக வேண்டும், அடோர்வாஸ்டாட்டினும் ரத்தத்தில் சேரும். மாற்று இதயம், நுரையீரலுக்காக சைக்ளோஸ்போரின் போகும் நோயாளிக்கு ரோசுவாஸ்டாட்டின் 5 மி.கி. வரைதான்.

கேனுலா_பக்கம் எழுதியது:

மேலே சிகே பற்றிச் சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். தொடையில் கேனுலா உள்ளவருக்கு சிகே ஏறினால் ஸ்டாட்டினைக் குறை சொல்லும் முன் அந்தக் காலைத் தொட்டுப் பாருங்கள். கெண்டைக்கால் கல்லாக இருக்கிறதா, டாப்ளரில் ஓட்டம் கேட்கிறதா, இரண்டு கால் நிர்ஸ் (தசையின் ஆக்சிஜன் அளவு) எண்களுக்கும் நடுவே 15 முதல் 20 வித்தியாசம் இருக்கிறதா? கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோமை (தசை வீங்கி ரத்த ஓட்டம் நசுங்குவது) ஸ்டாட்டின் கோளாறு என்று நினைத்து ஆறு மணி நேரம் தள்ளிப்போட்டால் கால் போய்விடும்.

பல ஆண்டுக் கொலஸ்ட்ரால் எக்மோவில் தன் வேலையைக் காட்டுவது ரத்தக்குழாய் சுவரில்தான், அன்றைய லிப்பிட் ரிப்போர்ட்டில் அல்ல. 17 ஃப்ரெஞ்ச் கேனுலாவின் வெளிவிட்டம் 5.7 மி.மீ. தொடைத் தமனி 8 மி.மீ. இருந்தாலும் பின்சுவரில் கால்சியம் தடித்திருந்தால் உள்ளே வழி எவ்வளவு மிஞ்சும் என்று அல்ட்ராசவுண்டில் அளந்துவிட்டுத்தான் சைஸ் எடுக்க வேண்டும். முன்சுவரில் தகடு இருக்கும் இடத்தில் ஊசி போட்டால் கிழியும், தகடு பெயர்ந்து கீழே போகும். 15 ஃப்ரெஞ்சில் தேவையான ஃப்ளோ கிடைக்கும் என்றால் அதுவே போதும். டிஸ்டல் பெர்ஃப்யூஷன் கேனுலாவை (காலின் கீழ்ப்பகுதிக்கு ரத்தம் அனுப்பும் சிறு குழாய்) கால் வெளுத்தபின் தேடாமல், முதலிலேயே போட்டுவிடுங்கள். வழியே இல்லாத தமனி என்றால் 8 மி.மீ. கிராஃப்ட் தைத்து அதன்வழி ஓட்டுவது, இல்லையென்றால் அக்ஸிலரி (அக்குள்) தமனி.

தரவு_தணிக்கை எழுதியது:

இது எல்லாவற்றையும் பார்த்தால், உங்கள் துறையே இதை ஆய்வாகச் செய்யும்போது குறியீட்டை நம்பாமல் எதைச் சேகரிப்பது என்பது தெளிவாகிறது. அனுமதிக்கு முந்தைய 12 மாதத்துக்குள் எடுத்த எல்டிஎல் இருந்தால் அது. கேனுலா போட்டபின் எடுத்த கொலஸ்ட்ராலை அடிப்படை அளவாக எழுதாதீர்கள். கடும் நோயில் எல்டிஎல், ஹெச்டிஎல் இரண்டும் தானாகவே விழும், பிரைம் திரவமும் ஏற்றிய ரத்தமும் சேர்ந்து இன்னும் நீர்க்கும். அங்கே குறைந்த கொலஸ்ட்ரால் என்பது நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதன் அடையாளம். அதையே திருப்பிப் போட்டு "கொலஸ்ட்ரால் அதிகம் இருந்தவர் பிழைத்தார்" என்று எழுதிவிடுவதும் நடக்கிறது. ட்ரைகிளிசரைடு 400க்கு மேல் என்றால் சூத்திரத்தில் கணக்கிட்ட எல்டிஎல் செல்லாது, நேரடியாக அளந்தது வேண்டும்.

பழைய ஸ்டாட்டின் உண்டா, என்ன டோஸ், எக்மோவில் எந்த நாள் மறுபடி தொடங்கியது என்று தனித்தனி நெடுவரிசையாக வையுங்கள். "எக்மோவில் ஸ்டாட்டின் பெற்றவர்" என்று மொத்தமாகப் பிரித்தால், ஐந்தாம் நாள் ரைல்ஸ் ட்யூபில் மருந்து போகும் அளவுக்குத் தேறியவர்கள் மட்டுமே அந்தப் பக்கம் சேர்வார்கள். அதைத் தவிர்க்க, 72 மணி நேரத்தில் உயிருடன் இருந்தவர்களை மட்டும் எடுத்து, அந்த நேரம் வரை ஸ்டாட்டின் தொடங்கியதா இல்லையா என்று பிரித்து, அங்கிருந்து நாளை எண்ணுங்கள். விஏ, விவி, சிபிஆர் நடக்கும்போதே போட்ட எக்மோ மூன்றும் தனித்தனி அட்டவணை. கால் இஸ்கீமியா (ரத்தம் போகாமை), ரத்தக்கசிவு, சர்க்யூட் மாற்றம் ஆகியவற்றை இறப்போடு சேர்த்துப் பதிவு செய்யுங்கள். கொழுப்பின் விளைவு நிஜமாக இருந்தால் இறப்பைவிட அங்கேதான் முதலில் தெரியும்.